நஷ்டஈட்டு வழக்கில் ஒரு காவடி

என் வீட்டுக்காரர் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கம்பெனியின் கிட்டங்கியில் வேலை செய்தார். லோரியில் வரும் ரப்பர் கட்டுகளை இறக்கி அடுக்குவது, கப்பல் வந்ததும் அதே கட்டுகளை எடுத்து வெளியே தள்ளுவது. அந்த வேலைக்குப் படிப்பு வேண்டாம், இரண்டு தோள் போதும். அவருக்கு நல்ல தோள். அதைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்குச் சரி என்றேன் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஒரு நாள் மதியம், கட்டு தூக்குகிற கயிறு அறுந்து, மேலே தொங்கிய ரப்பர் கட்டு அவர்மேல் விழுந்தது. கயிறு இற்றுப்போயிருக்கிறது என்று ஆட்கள் முன்பே வேலை வாங்குகிற மண்டோரிடம் சொல்லியிருக்கிறார்கள். "இன்னிக்கு இத வச்சு ஓட்டுங்க, நாளைக்கு மாத்தலாம்" என்றாராம். அவருக்கென்ன, அடியில் நிற்கப் போவது அவரா?

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது தலையிலும் வலது தோளிலும் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. வார்டுக்கு வெளியே வந்து, வருகிற தைப்பூசத்துக்கு இவர் பத்துமலையில் பால் காவடி எடுப்பார் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். நேர்ந்துகொள்வது நான், தூக்குவது அவர். எங்கள் வீட்டில் பல காரியங்கள் அப்படித்தான் நடக்கும்.

சில நாளில் கண் விழித்தார். கஞ்சி குடித்தார், கஞ்சியில் உப்பில்லை என்று என்னைத் திட்டினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வலது கை மட்டும் பாதிக்குமேல் எழும்பவில்லை. தலை வாரிக்கொள்ளக்கூட அந்தக் கை உதவாது. இனிமேல் இப்படித்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

தோள் இல்லாதவனுக்குக் கிட்டங்கியில் என்ன வேலை? வேலை இல்லாதவனுக்குக் கம்பெனி லயத்தில் வீடு கிடையாது. அந்த வருடங்களில் வேலைக்கு ஆகாதவர்களைக் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவள், அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. கையில் ஒன்றும் இல்லாமல் அங்கே போய் யார் வாசலில் நிற்பது?

காயத்துக்குக் கட்டு மாற்றுகிற டிரெஸர்தான் எனக்கு வழி காட்டினார். அவரும் பிரிக்பீல்ட்ஸ்காரர், ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த கத்தோலிக்கத் தமிழர்.

"அக்கா, புதுசா சட்டம் வந்திருக்கு. வேலையில அடிபட்டா கம்பெனி நஷ்டஈடு குடுத்தே ஆவணும். நாளைக்கே, இனிமே ஒண்ணும் கேக்க மாட்டேன்னு எழுதின காயிதத்தத் தூக்கிட்டு வருவாங்க பாருங்க. அண்ணன் கைநாட்டு வச்சிட்டா அதோட போச்சு."

சொல்லி வைத்தாற்போல் மறுநாளே கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வந்துவிட்டார், அவரும் தமிழர்தான். வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், பையில் இங்கிலீஷ் காகிதம்.

"சும்மா ஒரு வழக்கத்துக்குத்தாம்மா. இதுல ஒரு கைநாட்டு வச்சா ஏதோ செலவுக்குக் குடுக்கச் சொல்லலாம்."

"பழத்த வச்சிட்டுப் போங்க. காயிதத்த எடுத்துட்டுப் போங்க" என்றேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று என் தாயார் திட்டிக்கொண்டே இருப்பார். அன்றைக்கு அந்தக் கோபம் சோறு போட்டது.

டிரெஸரே லேபர் ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்தார். கயிறு இற்றுப்போயிருந்தது என்று கூட வேலை செய்தவர்கள் இரண்டு பேர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார்கள். விசாரணைக்கு நாளும் குறித்தார்கள். அதற்கு முன்னால் தைப்பூசம் வந்துவிட்டது.

வழக்கு முடியட்டும், அடுத்த வருடம் எடுக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமிக்கு நாள் சொல்லியாகிவிட்டது. அவர் விரதமிருந்து மஞ்சள் வேட்டி கட்டி, இடது தோளில் காவடியை வைத்து இடது கையாலேயே பிடித்துக்கொண்டார். வலது கையை மடித்து மார்போடு சேர்த்து நான் துணியால் கட்டிவிட்டிருந்தேன். அப்போது பத்துமலையில் மரப்படிகள். முழுக்கப் பின்னாலேயே ஏறினேன், அவர் சாய்ந்தால் பிடிக்க.

இறங்கி வரும்போது கீழே அந்தக் கிராணி குடும்பத்தோடு நின்றிருந்தார். அன்பாகக் கும்பிட்டார். நல்ல நாளில் எதற்கு விரோதம் என்று நானும் விபூதி கொடுத்தேன். வாங்கி நெற்றி நிறையப் பூசிக்கொண்டார் மகானுபாவர்.

அந்த வாரமே செய்தி வந்தது: காவடி தூக்குகிறவனுக்குத் தோளில் என்ன குறை என்று கம்பெனி நஷ்டஈட்டை மறுக்கப் போகிறதாம். டிரெஸர் பதறிப்போய் வந்தார்.

"அண்ணே, அன்னிக்குக் காவடி எடுத்தது ஒங்க தம்பின்னு சொல்லிடுங்க. ரெண்டு பேரும் ஒரே சாடை. யாரு கண்டா?"

"முருகனுக்கு எடுத்தத எடுக்கலேன்னு சொல்லச் சொல்றீங்களா? கப்பல்ல ஏத்தினா ஏத்தட்டும்" என்றார் இவர். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் இல்லை என்று சொல்ல எனக்கும் நாக்கு வந்திருக்காது.

விசாரணை கோலாலம்பூர் லேபர் ஆபீசில் நடந்தது. அங்கிருந்த வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியும். ஒவ்வொரு சொல்லையும் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கிப் பேசுவார். டாக்டர் காகிதத்தைப் படித்தார், சாட்சிகளைக் கேட்டார். பிறகு கிராணி எழுந்தார்.

"தொரை, எங்க சனங்க வழக்கம் எனக்குத் தெரியும். வேண்டிக்கிட்டது நடந்தாத்தான் காவடி எடுப்பாங்க. இவனுக்குக் கை சரியாவணும்னு வேண்டுதல். சரியாயிடுச்சு, எடுத்துட்டான். நானே பாத்தேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெள்ளைக்காரன் சொல்லியிருந்தால் தெரியாமல் சொல்கிறான் என்று விட்டிருப்பேன். இவர் என் கையால் விபூதி வாங்கியவர்.

துரை என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீ காவடி எடுத்தாயா?"

"எடுத்தேன் தொரை. எடது தோள்ல."

"என்ன வேண்டிக்கொண்டாய்?"

இவர் விழித்தார். "எனக்குத் தெரியாது தொரை. நான் நெனவில்லாம கெடந்தேன். வேண்டிக்கிட்டது இவதான்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எழுந்து நின்றேன்.

"கிராணி சொன்னது சரிதான் தொரை. கேட்டது கெடச்சாத்தான் எடுப்போம். நான் முருகன்கிட்ட கேட்டது இவரு உசிர. குடுத்துட்டான், அதான் எடுத்தோம். கைய நான் அவன்கிட்ட கேக்கவே இல்ல. கைய எடுத்தது கம்பெனிக் கயிறு. அதுக்குக் கம்பெனிதான் குடுக்கணும்."

துரை டாக்டர் காகிதத்தை மறுபடி எடுத்துப் படித்தார். கம்பெனி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். கிராணி தொப்பியை எடுத்துக்கொண்டு எங்களைப் பார்க்காமல் போனார்.

வந்ததை வைத்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கொட்டகை போட்டு மாடு வாங்கினோம். நான் கறந்தேன், அவர் இடது கையில் பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஊற்றினார். யாரும் எங்களைக் கப்பல் ஏற்றவில்லை.

தினமும் காலையில் சட்டையின் வலது கையை நான்தான் மாட்டிவிட வேண்டும். சில நாள் வலியில் முகம் சுளித்துக்கொண்டே கேலி பேசுவார்.

"கேட்டதுதான் கேட்ட, கையையும் சேத்துக் கேட்டிருந்தா முருகன் மாட்டேன்னா சொல்லியிருப்பான்?"

"அப்ப எனக்கு உங்க கை ஞாபகமே வரலீங்க" என்பேன். நான் பித்தானைப் போட்டுவிடுவேன்.