நான் துவைத்த துண்டும் துவைக்காத துண்டும்

மகன் கோர்ட்டிலிருந்து வந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகத் தறிக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்க முடியாது. அதற்காகத்தான் போயிருப்பான். மருமகள்தான் போய்க் கூட்டிவந்து, சோறு போட்டு, மெதுவாக விசாரித்தாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கோயமுத்தூர் வியாபாரி ஒருவருக்கு நாங்கள் வெள்ளைக் குளியல் துண்டு நெய்து கொடுத்துவந்தோம். ஊட்டிப் பக்கத்து லாட்ஜுகளுக்கு அவர் அனுப்புவார். அகலம் முப்பது அங்குலம், நீளம் அறுபது என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. ஒரு தடவை போன சரக்கை, நீளம் குறைகிறது என்று சொல்லித் திருப்பிவிட்டார். அதோடு நிற்காமல், ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள் என்று கேஸும் போட்டார். அந்தச் சரக்கிலிருந்து எடுத்துவைத்திருந்த ஒரு துண்டை, அளவு சரிதான் என்று காட்ட, மகன் கோர்ட்டில் கொடுத்தான். அதற்கு பி-4 என்று நம்பர் போட்டார்கள். கேஸ் போட்டவர் கொடுக்கும் சாட்சிப் பொருளுக்கெல்லாம் ஏ, எங்களுடையதற்கெல்லாம் பி.

அன்று எதிர்க்கட்சி வக்கீல் ஒரு டேப்பை வாங்கி, எல்லார் முன்னாலும் அந்த பி-4ஐ அளந்திருக்கிறார். ஐம்பத்தேழு அங்குலம்தான் இருந்ததாம்.

"நாமளே குடுத்த துண்டு. நான் என்னன்னு பதில் சொல்றது?" என்றான் மகன். "தொட்டா மெதுமெதுன்னு வேற இருக்குது. நம்ம துண்டு மாதிரியே இல்லை."

நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கமாகப் போய்விட்டேன்.

அந்தத் துண்டைத் துவைத்தவள் நான்.

கோர்ட்டுக்குக் கொடுப்பதற்கு முதல் நாள் அது கவருக்குள் மேசைமேல் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குத் தறி எண்ணெய்க் கறை. ஜட்ஜ் கையில் எடுத்துப் பார்க்கப்போகிற துணி இப்படியா இருப்பது என்று தோன்றியது. ஊறவைத்து, துவைத்து, வெயிலில் காயப்போட்டு, இஸ்திரியும் போட்டு, அதே கவரில் அதே மடிப்பாக வைத்துவிட்டேன். தறியிலிருந்து இறங்குகிற துண்டு விறைப்பாக இருக்கும், நூலுக்குப் போட்ட கஞ்சி அதில் இருக்கும். முதல் தண்ணீர் பட்டதும் கஞ்சி போய், நூல் சுருங்கி, இரண்டு மூன்று அங்குலம் உள்ளே வாங்கிவிடும். இது எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். அன்றைக்கு மட்டும் கறைதான் கண்ணில் பட்டது.

கோர்ட்டில் எங்களுக்குப் பாதகமாகத் தீர்ப்பு வந்தால், அளவு குறைத்துக் கொடுக்கிறவர்கள் என்ற பெயர் ஈரோடு வரைக்கும் போய்விடும். அப்புறம் எங்களுக்கு நெசவு வேலை கொடுக்க யார் வருவார்கள்? இதெல்லாம் தெரிந்தும் மூன்று நாள் நான் வாய் திறக்கவில்லை. எனக்குப் பேச்சு வருவது எப்போதும் கஷ்டம். பஸ்ஸில் கண்டக்டரிடம் இறங்குகிற ஊரைச் சொல்லக்கூட மருமகளைத்தான் பார்ப்பேன்.

நாலாம் நாள் காலையில் அவளும் நானும் மட்டும் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"கண்ணு, அந்தத் துண்டை நாந்தான் தொவச்சுப்போட்டேன்."

"எந்தத் துண்டுங்க அத்தை?"

"கோர்ட்டுத் துண்டு."

மடித்த துண்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"இஸ்திரியும் போட்டீங்களா?"

"போட்டேன்."

"நீலம்?"

"கொஞ்சூண்டு."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து மகனிடம் கூட்டிப்போனாள். அவன் மூன்றாம் தறியைக் கழற்றிப் போட்டிருந்தான். அவள்தான் சொன்னாள். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டுவான் என்று நினைத்தேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப தறி தப்புப் பண்ணலையாம்மா" என்றான். எந்தத் தறியில் கோளாறு என்று மூன்று நாளாக ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாள் மூன்று பேரும் கோயமுத்தூருக்கு வக்கீலைப் பார்க்கப் போனோம். எங்கள் வக்கீல் ஒரு பெண். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அம்மா சொல்வது உண்மையாகவே இருந்தாலும், மகனைக் காப்பாற்றத் தாய் சொல்கிற கதை என்றுதான் எதிர்க்கட்சி பேசும் என்றார். அதே சரக்கில் துவைக்காத துண்டு ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. திரும்பி வந்ததையெல்லாம் ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் விற்றாகிவிட்டது. புதிதாக நெய்து கொண்டுபோனால் யார் நம்புவார்கள்?

வக்கீல் கேஸ் கட்டைப் பிரித்து, அவர்கள் தரப்புச் சாட்சிப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒப்பந்தம், கடிதங்கள், சரக்குச் சீட்டுகள். ஏ-7 என்பது எங்கள் கொட்டகை லேபிள். வந்த சரக்கு எங்களுடையதுதான் என்று காட்டக் கொடுத்திருந்தார்கள். பட்டியலில் 'லேபிள்' என்று மட்டும் இருந்தது. அதன் ஜெராக்ஸ் காகிதம் மேசைமேல் என் பக்கமாக வந்து விழுந்தது.

அஞ்சாவது வரைக்கும் படித்தவள் நான். லேபிளில் இருந்த இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. அதனால் எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். லேபிளைச் சுற்றிக் கறுப்பும் சாம்பலுமாக ஏதோ நிழல். உற்றுப் பார்த்தால், துண்டின் ஓரத்தில் நாங்கள் போடுகிற இரட்டைக் கோடு. அதற்குமேல் பிளாஸ்டிக் சுருங்கினாற்போல ஒரு மினுக்கம்.

எங்கள் கொட்டகையில் பொட்டணம் போடுவது நான். ஆறு துண்டை அடுக்கி, மேல் துண்டின்மேல் லேபிளை வைத்து, பிளாஸ்டிக் பைக்குள் தள்ளி, வாயைச் சீலர் மெஷினில் சூடு வைத்து ஒட்டிவிடுவேன். வெளியில் ஒட்டினால் லாரியில் உரசி உதிர்ந்துபோகிறது என்று நானே மாற்றிய வழக்கம் அது. பையைக் கிழிக்காமல் லேபிளை எடுக்க முடியாது.

மருமகள் காதில் சொன்னேன். அவள், "நீங்களே சொல்லுங்க அத்தை" என்று என்னை முன்னால் தள்ளினாள்.

"பையோட வெச்சுப் படம் எடுத்திருக்கறாங்க" என்றேன். "அப்ப துண்டும் உள்ளதானே இருக்கோணும்."

வக்கீல் அந்தக் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு, கோர்ட்டில் இருக்கிற ஏ-7ஐ நேரில் பார்க்க அனுமதி கேட்டு அன்றைக்கே மனு எழுதினார்.

அனுமதி வந்ததும் வக்கீல் எங்களோடு அவருடைய குமாஸ்தாவை அனுப்பினார். கோட்டைமேட்டுக்காரர், எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்து கோர்ட் ஆவண அறைகளும் தனக்குத் தன் வீட்டு அலமாரி மாதிரி என்பார். ஆனால் அன்று ஏ-7 என்று நம்பரை மட்டும்தான் சொல்லிக் கேட்டார். கேஸ் கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது ஏ-6 இருந்தது, ஏ-8 இருந்தது, ஏ-7 இல்லை. அறையைப் பார்த்துக்கொள்கிற அம்மா இரண்டு தரம் தாள்களைப் புரட்டிவிட்டு, லேபிள் எங்கேயோ கழன்று விழுந்திருக்கும் என்றார். மகன் முகம் வாடிவிட்டது.

வெளியே வந்ததும் பாய் சொன்னார்: "கோர்ட்டுல எதுவும் காணாமப் போகாதுங்கம்மா. வேற எடத்துல உக்காந்து தூங்கிட்டு இருக்கும். நாமதான் எழுப்போணும்."

அடுத்த வாரம் மறுபடியும் போனோம். அதே அம்மா சலிப்போடு ஒரு ஸ்டூலில் ஏறி, மேல் தட்டிலிருந்து சின்னச் சின்னக் கவர்களாக எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றிலும் சீட்டு, ரசீது, போட்டோ. நான் வாசற்படியிலேயே நின்றேன். அவர் தேடுவது காகிதத்தை என்பது எனக்குப் புரிந்தது. இப்படித் தேடினால் எத்தனை வாரமானாலும் கிடைக்காது. பாயைப் பார்த்தேன். அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். மகனும் மருமகளும் வெளியே வராந்தாவில்.

"ஏனுங்க அம்மணி" என்று கூப்பிட்டேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. இரண்டடி உள்ளே போய் மறுபடியும் கூப்பிட்டேன். திரும்பினார்.

"அது காயிதம் இல்லீங்க. பொட்டணமுங்க. ஒரு தலகாணி அளவு இருக்கும்."

ஸ்டூலில் நின்றபடியே என்னைப் பார்த்தார். "பெரிய சாமானா? பட்டியல்ல லேபிள்னு போட்டிருக்காங்களேம்மா."

"லேபிள் பைக்குள்ளாற இருக்குதுங்க. நாந்தான் வெச்சேன்."

உடனே இறங்கிவந்தார். கட்டுக்குள் அடங்காத பொருள்களெல்லாம் கடைசி அறையில் பீரோவில் இருக்கும் என்று சொல்லி, சாவி எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். முதல்லயே சொல்றதுக்கென்னம்மா என்று வழியெல்லாம் கோபித்துக்கொண்டார். அந்தப் பீரோவில் ஒரு பம்பு மோட்டார், கிரைண்டர் கல், உடைந்த ஓட்டுக் குவியல், எல்லாவற்றுக்கும் கழுத்தில் ஒரு சீட்டு. கீழ்த்தட்டில், யாரோ ஒரு குக்கரை மேலே வைத்திருந்த இடத்தில், எங்கள் பொட்டணம். ஏ-7 என்று சீட்டு, கோர்ட் முத்திரை. தொடக்கூடாது என்றார். தொடாமலே குனிந்து மடிப்புகளை எண்ணினேன். ஆறு. வாயில் நான் வைத்த ஒட்டு அப்படியே இருந்தது, வலது ஓரம் கொஞ்சம் கோணலாக. எங்கள் சீலர் அந்தப் பக்கம் எப்போதும் இழுக்கும்.

அப்புறம் பாய் ஓடிப்போய் மகனைக் கூட்டிவந்தார். அவன் பொட்டணத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஆவண அறை அம்மாவுக்குக் கும்பிடு போட்டான். அவர், "எனக்கு எதுக்குப்பா? உங்கம்மாவுக்குப் போடு" என்றார்.

ஜட்ஜ் முன்னால் அதைத் திறந்த அன்று எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, தாங்கள் கொடுத்தது லேபிளுக்காக மட்டும் என்று ஆட்சேபித்தார். பொட்டணமாகக் கொடுத்தால் பொட்டணம் முழுவதும்தான் சாட்சி என்று சொல்லி, ஜட்ஜ் வெட்டச் சொன்னார். இரண்டு வக்கீல்களும் ஆளுக்கு ஒரு முனை பிடித்து அளந்தார்கள். அறுபது. அறுபது. ஒன்று மட்டும் அறுபதேகால். ஆறையும் அளந்து எழுதிக்கொண்டார்கள்.

பிறகு என்னைக் கூண்டில் ஏறச் சொன்னார்கள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பி-4ஐத் துவைத்தது நான்தான் என்பதைச் சொன்னேன். எதிர்க்கட்சி வக்கீல் கேட்டார், "கோர்ட்டுக்குக் குடுக்கற சாட்சிப் பொருளை யாராவது துவைப்பாங்களா?"

"சாட்சின்னு நெனைக்கலீங்க. துண்டுன்னுதான் நெனச்சனுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார், அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. மேற்கொண்டு கேள்வி இல்லை என்று அந்த வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து வியாபாரியே எங்கள் கொட்டகைக்கு வந்தார். மருமகள் காபி கொடுத்தாள். தறியிலிருந்து அப்போது இறங்கிய ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, தன் டேப்பால் தானே அளந்தார். லாட்ஜுக்காரர்கள்தான் முதலில் குறை சொன்னார்களாம். ஒரு கட்டைப் பிரித்து வண்ணானுக்குப் போட்டுவிட்டு, அது வந்த பிறகு அளந்திருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய துண்டை இவர் அளந்து பார்த்து நம்பிவிட்டார். இதை என்னிடம் சொல்லவில்லை, மகனிடம்தான் சொன்னார். ஆனால் கிளம்பும்போது வாசலில் நின்று, "வாரேனுங்கம்மா" என்றார். நானும், "போயிட்டு வாங்க" என்றேன்.

சமாதானமாகப் போகிறோம் என்று அடுத்த வாய்தாவில் வியாபாரியும் மகனும் எழுதிக் கொடுக்கப்போகிறார்கள். வக்கீல் சம்மதம் சொல்லிவிட்டார். மூன்றாம் தறியில் மகன் இன்று காலை புதுப் பாவு நூல் ஏற்றினான். அந்த வியாபாரியின் துண்டுக்குத்தான்.