பிள்ளைகளின் உயரத்தில் ஒரு மஞ்சள் கோடு

பாதை நடுவே மண்டியிட்டு நிற்கிறாள். முழங்காலாலேயே நாலு தப்படி முன்னே நகர்கிறாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்க்கிறாள். பிறகு எழுந்துபோய், எதிரே நிற்கும் மரத்தின் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு, பழைய கோட்டுக்கு ஒரு சாண் கீழே புதிதாக ஒரு மஞ்சள் கோடு இழுக்கிறாள். பின்னால் வந்த குடும்பம் வழி கிடைக்காமல் நிற்கிறது.

"எதைத் தொலைச்சீங்க பாட்டி? நானும் தேடவா?" என்கிறான் அந்தக் குடும்பத்துச் சின்னவன்.

"பாட்டியா! உன் கண்ணு எந்த உயரத்துல இருக்குன்னு தேடுறேன்டா. கிடைச்சிருச்சு, போ."

குழந்தைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் மஞ்சளக்கா. அவன் புதிது, அதனால் தெரியவில்லை.

எங்கள் காட்டுக்குள் குடும்பத்தோடு நடந்து போகிறவர்களுக்கென்று ஒரு பாதை இருக்கிறது. என் விடுதி வாசலில் தொடங்கி, ஓடையைத் தாண்டி, தண்ணீரில் ஓடிய பழைய மாவு ஆலை வழியாக ஏறி, மேலே பழைய கோட்டைச் சுவருக்குள் இருக்கும் ஊரில் முடியும். ஐந்து வயதுக் கால் நடந்துவிடும். அந்தப் பாதை நெடுக மரத்திலும் கல்லிலும் இருக்கும் மஞ்சள் கோடுகள் எல்லாம் இவள் கைவேலை. ஒரு கோட்டருகே நின்றால் அடுத்த கோடு கண்ணில் பட வேண்டும், அதுவும் குழந்தையின் கண்ணில். "பெரியவங்க போனைப் பாப்பாங்க, இல்லாட்டி ஒருத்தர ஒருத்தர் முறைச்சுக்கிட்டுப் போவாங்க. வழியைப் பாக்குறது புள்ளைங்கதான்ணே" என்பாள். அது உண்மை. "கால் வலிக்குது, தூக்கு" என்று அழுத பிள்ளை, முதல் கோட்டைக் கண்டதும் "மஞ்சள்!" என்று கத்திக்கொண்டு ஓடும். அப்புறம் அப்பன்தான் மூச்சிரைக்கப் பின்னால் ஓடுவான்.

இந்தக் காட்டு வாசலில் முதன்முதலில் விடுதி கட்டியவன் நான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததில்லை. கொத்தனாருக்குக் கல் சுமந்த தலை இது. அந்தத் தலையால் சம்பாதித்த விடுதியில் இன்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் வந்து தங்குகிறார்கள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன். கோடு போடும் வேலைக்கு யாரை வைப்பது என்று ஊர்ச் சங்கத்தில் இழுபறி வந்தபோது இவள் பெயரைச் சொன்னவன் நான்தான். தம்பட்டம் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

பிழைப்புக்கு வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவள். கதவு, ஜன்னல், கடைப் பலகை எல்லாம் செய்வாள். கொண்டையில் ஊசிக்குப் பதில் ஒரு மெல்லிய பிரஷ் செருகியிருக்கும். நகத்தோரம் மஞ்சள் போவதே இல்லை. கடைத்தெருவில் நடந்தாலும் அவள் பார்வை இடுப்பு உயரத்திலேயே போகும். என் விடுதிக்கு வருடாவருடம் வரும் பெரிய மனிதரை அவளுக்கு அடையாளம் தெரியாது. அவர் மகளைப் பார்த்துவிட்டு, "நீ ஓடையில செருப்பை விட்டவதானே? இப்ப ஒழுங்கா வாரு போட்டிருக்கியே" என்று அங்கேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவாள். அவர் வணக்கம் சொன்ன கையோடு நிற்பார்.

பாதையின் கடைசிக் கோடு அவள் தங்கை வீட்டுச் சுவரில் இருந்தது. கோட்டைச் சுவரின் அடியோரமாகவே நடந்து, சின்ன வாசலுக்குள் நுழைந்தால் முதல் வீடு. முன்பக்கம் ஆறு மேசை போட்டு டீயும் ரொட்டியும் முட்டையும் விற்கிறாள் தங்கை. லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் பக்கவாதத்தில் விழுந்து உள்ளறையில் கிடக்கிறார். நடந்து வருகிற குடும்பங்கள்தான் அந்த வீட்டுக்குச் சோறு. ஊர் சும்மா இருக்குமா? "பாதையா போட்டா? தங்கச்சி கல்லாவுக்கு வாய்க்கால் வெட்டியிருக்கா" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். "பசி எடுக்கிற இடத்துலதான் சோறு இருக்கணும். உங்க கொல்லையிலயா புள்ளைங்களுக்குப் பசிக்குது?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விடுவாள்.

இந்த வருடம் மழை கூடுதல். மழை விட்டதும் கோடுகளைப் புதுப்பிக்கப் போனவள், கோட்டைச் சுவரின் அடியில் புதிதாகக் கல்மாவு உதிர்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். மண்டியிட்டு நடக்கிறவளுக்குத்தான் அது தெரியும். மேலே பார்த்தால் சுவர் லேசாக வயிறு தள்ளியிருந்தது. ஒரு விரிசலின் குறுக்கே பிரஷ்ஷால் ஒரு கோடு இழுத்துவிட்டு வந்தாள். அடுத்த மழைக்குப் பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கோடு இரண்டாகப் பிளந்திருந்தது. நடுவில் அவள் விரல் நுழைந்தது.

பழைய காலத்துச் சுவர். ஒரு கல்லைத் தொடவும் அரசாங்கம் கையெழுத்துப் போட வேண்டும். நான் என் காசில் முட்டுக் கொடுக்கிறேன் என்றேன். அதற்கும் அனுமதி வேண்டுமாம். சங்கத்தில் கேட்டால், "சீசன் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்றார்கள். எச்சரிக்கைப் பலகை வைக்கலாமே என்று நான் சொன்னேன்.

"பலகைய அப்பா படிச்சுக்கிட்டு நிப்பாருண்ணே. அதுக்குள்ள புள்ள ஓடிரும்" என்றாள். "ஆலையிலேருந்து வழிய அந்தப் பக்கமாத் திருப்பிட வேண்டியதுதான்."

அந்தப் பக்கம் திருப்பினால் ஊரின் மறுகோடியில் போய் ஏறும். தங்கை வீட்டு வாசலுக்கு ஒரு குருவிகூட வராது.

"அப்ப உன் தங்கச்சி?"

பிரஷ்ஷைத் துணியில் துடைத்தாள். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சேதி தெரிந்த தங்கை மறுநாளே மலை இறங்கி வந்துவிட்டாள். என் விடுதியின் முன்கூடத்தில் ஜன்னலுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த அக்கா முன்னால் வந்து நின்றாள்.

"முந்நூறு வருஷம் நின்ன சுவரு. உன் வாய்க்குப் பயந்தா விழப்போகுது?"

"விழாமலும் இருக்கலாம்டி."

"அப்புறம் என்ன?"

"விழவும் விழலாம்."

"கயிறு கட்டுக்கா. நான் ஆள் போட்டுக் காவல் வைக்கிறேன். சீசன் முடியிற வரைக்கும்தானே?"

"மஞ்சளைப் பாத்துட்டா புள்ளைங்க கயித்துக்கு அடியில பூந்து வரும். மஞ்சள் இருந்தா பயமில்லன்னு நான்தானே பழக்கி வச்சிருக்கேன்."

தங்கையின் குரல் இறங்கிவிட்டது. "அந்த மனுஷனைப் புரட்டிப் போட ஒரு ஆளு, மருந்து, மாத்திரை, எல்லாம் இந்த ஆறு மேசையிலதான் ஓடுது. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

நான் சும்மா இருக்கிற ஆளில்லை. "என் சமையல்கட்டுல வேலை தர்றேன் தாயி. எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்ட இடம் இது" என்றேன்.

"உங்க பெரிய மனசு உங்களோடயே இருக்கட்டும்ணே. புரட்டிப் போட வர்ற ஆளு ஒரு மணி நேரத்துல போயிருவான். அப்புறம் புருஷனை யாரு பாப்பா?" என்றவள் அக்காவிடம் திரும்பினாள். "அவ அவ கூடப் பொறந்தவளுக்கு வழி பண்ணிக் குடுப்பா. நீ இருக்கிற வழிய அழிக்கிற. அழிச்சுக்கோ. அதுக்கப்புறம் என் வாசப்படிய மிதிக்காதே."

சங்கத்தில் எதிர்த்துப் பேசியவர்களையெல்லாம் உட்கார வைத்த வாய் என்னுடையது. அன்று அவளுக்கு வாசல் கதவைத் திறந்துவிட்டதோடு என் வேலை முடிந்தது.

மறுநாள் காலையில் மஞ்சளக்கா பெயிண்ட் டப்பாக்களோடு கிளம்பினாள். ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன். எழுபத்து நாலு வயதில், கைத்தடி இல்லாமல் அந்த ஏற்றத்தை ஏறினேன். முதலில் ஆலையிலிருந்து புதுவழிக்குக் கோடு போட்டாள். பிறகு பழைய வழியில் ஒவ்வொரு கோடாக அழித்துக்கொண்டு மேலே வந்தோம். கறுப்பும் பழுப்பும் வெள்ளையும் கலந்து, அந்தந்த மரத்துப் பட்டையின் நிறத்துக்குக் கொண்டுவந்து பூசினாள். பூசிவிட்டு இறங்கிப்போய், மண்டியிட்டுப் பார்த்தாள். சுவரோரம் வந்ததும் என்னை ஓரமாகச் சுற்றிப் போகச் சொன்னாள்.

"நான் கல்லு சுமந்தவன்மா. கல்லுக்குப் பயப்படுறவன் இல்ல."

"அது கல்லுக்குத் தெரியாதேண்ணே" என்றாள். சுற்றித்தான் போனேன்.

தங்கை வீட்டு மேசைகளின் மேல் நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. படியில் கையைக் கட்டிக்கொண்டு தங்கை நின்றாள். உள்ளறையில் இருமல் கேட்டது. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பட்டையாக அந்தக் கடைசி மஞ்சள். வந்து சேர்ந்ததும் பிள்ளைகள் அதன்மேல்தான் உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவார்கள். சுற்றிலும் சுண்ணாம்பு, சின்னச் சின்னக் கை அழுக்கோடு இருந்தது. மஞ்சளக்கா படியை மிதிக்காமல், தெருவில் நின்றபடியே எட்டி, வெள்ளையைத் தோய்த்து அடிக்க ஆரம்பித்தாள். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பூசி முடித்தாள். படியிலிருந்து தங்கை இறங்கி வந்தாள். அக்காவின் பின்னால் நின்று, கண்ணைச் சுருக்கி, கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தாள்.

"இன்னும் மஞ்சள் தெரியுதுக்கா. சின்னதுங்க வந்துரும். இன்னொரு கை அடி."

மஞ்சளக்கா திரும்பவில்லை. பிரஷ்ஷைத் தோய்த்து, டப்பா விளிம்பில் வழித்துவிட்டு, மறுபடியும் அடித்தாள். இடது கை மட்டும் பின்னால் துழாவிப்போய், தங்கையின் முழங்கையைப் பற்றிக்கொண்டது.