பாறைக்குக் கீழே ஓர் ஆள்

கட்டைவிரலை அழுத்துகிறார், சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரலை அழுத்துகிறார்; அதற்கும் சிவப்புதான். திங்கட்கிழமைகளில் என் அண்ணி வேலைக்கு வந்திருப்பதை அந்த வருகைப் பதிவு இயந்திரம் ஒப்புக்கொள்வதே இல்லை. "ஞாயித்துக்கிழமையானா எங்கம்மா திருடப் போறீங்க? ரேகையை அழிச்சிட்டு வர்றீங்களே!" என்று முதலாளி நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அண்ணியின் வேலை. வயது நாற்பத்தேழு. ரேகையைத் தின்றவை ஊருக்கு வெளியே, பழைய பம்பு நிலையத்துக்குப் பின்னால் கிடக்கும் முப்பது நாற்பது பாறைகள். கயிறு கிடையாது, வெறுங்கையால் ஏறுகிறார். அப்படி ஓர் இடம் இருப்பது அண்ணிக்கும் ஓணான்களுக்கும்தான் தெரியும்.

எல்லாம் தோள்வலியில் தொடங்கியது. ஐந்து வருடங்களுக்கு முன் வலது தோள் இறுகிப்போய், தலை வாரக்கூட முடியாமல் அவதிப்பட்டார். சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை உயர்த்தச் சொன்னார் மருத்துவர். ஆறு மாதத்தில் தோள் சரியானது. நானாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். அண்ணி விடவில்லை. ஏன் என்று கேட்டால், "செவுரு தீந்துபோச்சு, நான் என்ன பண்றது?" என்பார்.

விழுந்தால் தாங்குவதற்காக, பழைய சோபா மெத்தைகள் இரண்டைச் சேர்த்துத் தைத்து வார் பிடித்து வைத்திருக்கிறார். அதை முதுகில் சுமந்துகொண்டு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் சும்மா இருப்பாரா?

"மெத்தையோட கெளம்பிட்டீங்களே, வீட்டுல சண்டையாம்மா?"

"இல்லப்பா, சமாதானமாயிட்டுதான் வர்றேன்."

அந்தச் சமாதானம் என் அண்ணனோடு ஆனது. ஒரே ஒருமுறை கூடப் போய்ப் பார்த்துவிட்டு வெலவெலத்துத் திரும்பிய அண்ணன் போட்ட நிபந்தனையும் ஒன்றுதான்: கீழே ஆள் இல்லாமல் பெரிய பாறையில் கால் வைக்கக் கூடாது. அது இரண்டாள் உயரம். கீழே நிற்க அண்ணனுக்குத் தைரியம் போதவில்லை. வேறு யாரும் வரவில்லை. ஏறிவிட்டு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அண்ணி ஏறவில்லை. இரண்டு வருடமாக, ஒவ்வொரு ஞாயிறும் சின்னப் பாறைகளை முடித்துவிட்டு, பெரியதன் முன்னால் உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்தபடி அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். போன மாதம்தான் இதைக் கேள்விப்பட்டேன். யோசிக்காமல், "நான் வர்றேன் அண்ணி" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, பெரிய பாறைக்குக் கீழே மெத்தையை விரித்து எனக்குப் பாடம் நடந்தது. "விரலை விரிக்காத, ஒட்டி வை. என்னைத் தாங்கிப் பிடிக்கல்லாம் வேணாம். இடுப்பைத் தள்ளி மெத்தைப் பக்கம் திருப்பி விடு. தலை கல்லுல படக் கூடாது, அவ்ளோதான்."

"நாத்தனார் கையில உசுரைக் குடுக்கறீங்களே, நல்லா யோசிச்சீங்களா?"

"இருவது வருஷமா உன் வாய்க்கே தப்பிச்சிட்டேன். கை என்ன பண்ணிடும்?"

பாதிக்கு மேல் போனதும் அண்ணிக்குக் கால் வழுக்கியது. கண்ணை மூடிக்கொண்டுதான் தள்ளினேன். இருவரும் மெத்தையில் குவியலாகக் கிடந்தோம். அண்ணிக்கு முழங்கையில் சிராய்ப்பு. "தள்ளினது சரி. அடுத்த தடவை கண்ணைத் தொறந்துக்கோ" என்றவர், உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினார்.

அதே இடம். போதும், இறங்குங்கள் என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் அவர் வலது கை நீண்டு, என் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு விளிம்பைப் பற்றியது. ஒரு கால் மேலே போனது, பிறகு உடம்பு, பிறகு ஆளையே காணோம். தூக்கிய கைகளை இறக்கத் தோன்றாமல் நான் நின்றுகொண்டிருந்தேன். அழுதுகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பின்பக்கச் சரிவு வழியாக இறங்கி வந்தார். அவர் கண்களும் சிவந்திருந்தன. மெத்தையை இழுத்துக்கொண்டுபோய், தோளுயரமே இருந்த ஒரு சின்னப் பாறையின் அடியில் போட்டார். பக்கத்தில் காலை ஊன்றி நின்றார். விரல்களை ஒட்டி வைத்து, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.