ஆயில்யம் பிறக்குமுன்

அறுத்துவிட்டுப் "பொறுத்தேன்" என்று பொய் சொன்னேன். ஒருமுறை அல்ல... பலமுறை!

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். எங்கள் டாக்டரம்மாவுக்கு ஒரே கவலை, மாசம் நிறையாமல் பிறக்கிற பிள்ளைகள். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு... ரத்தமில்லாமல் வெளுத்து, மூச்சுத் திணறி, கண்ணெதிரே போய்விடும். தொப்புள்கொடியை உடனே அறுக்காமல் துடிப்பு அடங்கும்வரை பொறுத்தால், நஞ்சுக்கொடியில் தங்கும் ரத்தமும் பிள்ளைக்குப் போகுமே, அது காப்பாற்றுமா? ஒரு பிள்ளைக்கு உடனே அறு, அடுத்த பிள்ளைக்குப் பொறு, பார்த்துவிடுவோம் என்றார்.

ஒருநாள் மேலநீலிதநல்லூர்ப் பெண் ஒருத்திக்கு ஏழாம் மாசத்திலேயே பெண் குழந்தை. பொறுக்க வேண்டிய முறை. டாக்டரம்மா அடுத்த அறையில் ஆபரேஷனில் இருந்தார். கொடி என் விரலுக்கடியில் துடித்துக்கொண்டிருந்தது.

வெளியே அவள் மாமியார் கதவைத் தட்டினாள். "நர்ஸம்மா, கொடிய அறுத்தாச்சா? அறுத்த நேரந்தான் கணக்கு! பூசம் முடியப்போவுது தாயி. ஆயில்யத்துக்காரிய எவன் கெட்டுவான்? சட்டுனு அறுங்க!"

உள்ளங்கையளவு பிள்ளைக்குக் கல்யாணக் கவலை! சிரிக்கிறீர்களா? நான் ஆயில்யம். மாமியாருக்கு ஆகாதவள் என்று, பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் காபியைக் குடித்துவிட்டு எழுந்துபோன ஆயில்யம்! இவளுக்கும் அந்தக் கதி எதற்கு என்று அறுத்துவிட்டேன்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்... பூசத்துப் பிள்ளை.

"பொறுத்தியாம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பொறுத்தேன் டாக்டர்."

பிறகு அதுவே பழகிவிட்டது. ராகுகாலம், அஷ்டமி என்று யார் வந்து நின்றாலும் அறுத்தேன். கேட்டால் பொறுத்தேன் என்றேன். ஒருநாள் அவர் சலித்துப்போய்ச் சொன்னார்: "பொறுத்தாலும் ஒண்ணுதான், பொறுக்காட்டாலும் ஒண்ணுதான் போல. விடு, இனிமே எல்லாருக்கும் உடனே அறுத்துருங்க."

எப்படி வித்தியாசம் தெரியும்? நான்தான் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டேனே! அப்போதாவது வாயைத் திறந்தேனா, பாவி? தலையை ஆட்டிவிட்டு, சொன்னபடியே அறுத்துக்கொண்டிருந்தேன்.

பொறுத்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது... அதைத் தெரிந்துகொள்ளத்தானே ஐயா அந்த அம்மாள் அத்தனை பாடுபட்டார்! தெரியாமலே அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.