வடிகட்டிய கடல்நீர்

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் திருச்சிக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்தேன். நாகப்பட்டினத்திலிருந்து கடல்மீன் முட்டைகளும் கடல்நீரும் ரயிலில் வந்தன. ஸ்ரீரங்கத்து எங்கள் வீட்டில் குடிநீரை வடிகட்டும் வழக்கப்படி, அந்த நீரைத் துணியில் இருமுறை வடிகட்டித் தொட்டியில் ஊற்றினேன்.

முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகளின் வயிற்றில் ஒட்டியிருந்த மஞ்சள்கரு தீர்ந்ததும் அவை சாகத் தொடங்கின. ‘நோய்’ என்று நோட்டில் எழுதினேன்.

அடுத்த பானை நீரோடு நாகப்பட்டினத்திலிருந்து வந்த மீனவர் தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"தண்ணிய வடிகட்டினீங்களா?"

"அழுக்கா இருந்ததே."

"அதாங்க குஞ்சுக்குச் சோறு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி."

புது நீரை அப்படியே ஊற்றினேன். இரை வந்தும் தின்னத் தெம்பில்லாமல் குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மாலைக்குள் தொட்டியில் அசைவே இல்லை.

நோட்டில் ‘நோய்’ என்பதை அடித்துவிட்டு, ‘பட்டினி போட்டேன்’ என்று எழுதினேன்.