சுல்மா கேட்ட மரண அறிவிப்பு

எங்கள் தக்வாரெம்போ ஊர் நெடுஞ்சாலை ஓரத்தில் காலமெல்லாம் மாட்டிறைச்சி சுட்டு விற்றவள் என் நாத்தனார் சுல்மா. கருகிய ஓரத்துண்டுதான் ருசி என்பாள். "புல்லு மாட்டுக்கு, மாடு நமக்கு" என்று சிரித்துக்கொண்டே கீரையை ஒதுக்குவாள். சிகரெட் வேறு.

ஐம்பத்திரண்டு வயதில் மலத்தோடு ரத்தம் போனது. "தீட்டு நிக்கிற வயசு அண்ணி, இப்படி அப்படித்தான் இருக்கும்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டாள். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றாள். பாவம், அவள் பொய் சொல்லவில்லை. அவள் அம்மா செத்தபோது ஊர் வானொலி வழக்கம்போல "நெடுநாள் நோயால் காலமானார்" என்றுதான் வாசித்தது. அந்த நோயின் பெயரை எங்கள் ஊரில் யாரும் வாயில் எடுப்பதில்லை. மூலநோயாக இருக்கும் என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ரத்தம் நிற்காமல் திரும்பப் போய், குடலில் புற்றுநோய் என்று தெரிந்து அறுவை சிகிச்சை செய்வதற்குள் நோய் முற்றியிருந்தது. அதன் பிறகுதான் என் வீட்டுக்காரர் வால்டெமார் வாயைத் திறந்தார்.

"அம்மாவுக்கும் இதே குடல்லதான் சுல்மா. அப்ப சின்னப் பிள்ளையா இருந்த உங்கிட்ட சொல்ல வேண்டாம்னு..."

"பாவி மனுஷா! இதை இப்பவா சொல்ற?" என்று கத்தினேன்.

சுல்மா கத்தவில்லை. மகள் யானினாவைப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதுக்காரி. பரிசோதனைக்குப் போடி என்றால், "பின்னாடி குழாய விடுவாங்களாம், வெக்கக்கேடு! எனக்கு ஒண்ணும் இல்ல" என்று நழுவிவிடுவாள்.

"அண்ணி, நான் செத்தா ரேடியோவுல நோய் பேரைச் சொல்லணும். அம்மாவுக்கு இருந்ததையும் சொல்லணும். அப்பவாவது இவளுக்கு உறைக்கட்டும்" என்றாள் சுல்மா.

"குடலு கிடலுன்னு ஊரே கேக்கணுமா? மானம் போயிரும்" என்றார் வால்டெமார்.

"உசுரு போகுதே, அது பரவாயில்லையா?" என்றேன்.

ஆகஸ்டில் போய்விட்டாள். நானே வானொலி நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். காலையில் அவள் சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அறிவிப்பாளர் கொஞ்சம் தயங்கித்தான் வாசித்தார்: "தன் தாயைப் போலவே, பெருங்குடல் புற்றுநோயால் காலமானார்."

யானினா முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். வால்டெமார் எழுந்தார். ரேடியோவை அணைத்துவிட்டு என்மேல் பாயப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் யானினா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அழாதம்மா. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எனக்குப் பயமா இருக்கு மாமா."

"எனக்கும்தான். ரெண்டு மாசமா எனக்கும் ரத்தம் போகுது."