பட்டன் அக்கா பின்னிய நத்தை

என் அக்காவைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பட்டன் அக்கா என்றுதான் சொல்வார்கள். ரெடிமேட் துணிக்கடையின் பின்பக்க அறையில் உட்கார்ந்து பேன்ட்டின் நீளம் குறைப்பதும் பட்டன் தைப்பதும் அவள் வேலை. அவள் தைத்த பட்டன் விழாது. சட்டை நைந்து கரித்துணியான பிறகும் பட்டன் மட்டும் அதிகாரி மாதிரி உட்கார்ந்திருக்கும். எதைச் செய்தாலும் அந்த இறுக்கம். அவள் மூடிய டப்பாவைத் திறக்க நான்தான் போக வேண்டும்.

அவளுக்குத் தாமதமாகத்தான் கல்யாணம் ஆனது. அத்தான் பஸ் டெப்போவில் வேலை பார்க்கிறவர், முதல் மனைவி இறந்துவிட்டாள், ஒன்பது வயதில் ஒரு பெண். சித்தி வந்தால் வீட்டில் என்னென்ன கூத்து நடக்குமோ என்று சொந்தக்காரர்கள் ஆவலோடு காத்திருந்தார்கள். பாவம், ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் அடமில்லை, அழுகையில்லை. தண்ணீர் கூடத் தானே எடுத்துக் குடிப்பாள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்பாள். முறைப்படி அவளுக்கு மாமாவான எனக்கு அங்கிள் பட்டம்.

கொடுத்து வைத்தவள் என்று எல்லோரும் அக்காவைச் சொன்னார்கள். அவளுக்கோ அது தொண்டையில் சிக்கிய முள்.

"விருந்துக்கு வந்தவ மாதிரி இருக்காடா. ஒரு நாளாவது எங்கிட்ட கத்த மாட்டாளான்னு இருக்கு," என்றாள். உலகத்தில் எவளுக்கும் இல்லாத ஆசை என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பெண் டியூப்லைட்டை அணைக்காமலேயே தூங்குவாள். அதற்காக அக்கா குரோஷா ஊசியால் நூலில் மிருகப் பொம்மை மாதிரி ஒரு விளக்கு பின்ன முடிவு செய்தாள். என்ன மிருகம் வேண்டும் என்று கேட்டதற்கு, "உங்களுக்கு எது ஈஸியோ அது ஆன்ட்டி" என்று பதில். மழை விட்ட ஒரு காலையில், பள்ளி வேன் ஹார்ன் அடிக்கும் வரை அவள் பூந்தொட்டி முன்னால் குந்தியபடி ஒரு நத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தது அக்காவுக்கு நினைவு வந்தது. நத்தை என்று முடிவானது.

நான் எலக்ட்ரீஷியன். கம்பியை வளைத்துப் பந்து மாதிரி ஒரு கூடு செய்து, சூடாகாத எல்.இ.டி. பல்பு ஒன்றை உள்ளே மாட்டிக் கொடுத்தேன். அக்கா உடம்பைப் பின்னிப் பஞ்சு அடைத்தாள். இரண்டு கொம்பு வைத்தாள். முகத்தில் இரண்டு கறுப்புப் பட்டனைத் தைத்துக் கண்ணாக்கினாள். பிறகு கம்பிக் கூட்டைச் சுற்றி ஓடு பின்னினாள். பார்க்க அவ்வளவு அழகு.

சனிக்கிழமை சாயங்காலம் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். ஒன்றுமில்லை. மானம் போனதே என்று ஓட்டைக் கழற்றினால் பல்பு ஜம்மென்று எரிகிறது. திரும்ப மாட்டினால் இருட்டு. அக்காவின் கை அப்படி. பின்னலில் ஓர் ஊசி முனைக்குக் கூட இடமில்லை, வெளிச்சம் எங்கிருந்து வரும்?

"நல்லாயிருக்கு. தேங்க்ஸ் ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண், எரியாத விளக்கைப் பார்த்து. அக்காவின் முகம் செத்துப்போனது. எனக்குக் கூட வலித்தது.

மறுநாள் நான் போனபோது அக்கா சாப்பாட்டு மேஜையில் ஓட்டைப் பிரிக்க உட்கார்ந்திருந்தாள். அவள் போட்ட முடிச்சு அவளுக்கே அவிழவில்லை. தண்ணீர் எடுக்க வந்த பெண்ணிடம், "உன் நகம் சின்னது, இத எடுத்துத் தர்றியா?" என்று கேட்டாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கிள்ளிக் கிள்ளி முடிச்சை எடுத்துவிட்டாள். நூலை இழுத்தாள். சரசரவென்று வரிவரியாகப் பிரிந்தது. பிடித்துப்போய் அறைக்கு அறை இழுத்துக்கொண்டு ஓடினாள். நாற்காலிக் காலெல்லாம் நூல். அக்கா பின்னாலேயே உருண்டை சுற்றிக்கொண்டு நடந்தாள்.

இந்த முறை தடித்த ஊசி, தளர்ந்த பின்னல். ஆனால் பழகின கை சும்மா இருக்குமா? தன்னையறியாமல் இறுக்கிவிடும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் பெண் சுண்டுவிரலை விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. முதலில் அவள், "பரவால்ல ஆன்ட்டி, போகுது" என்றே சொன்னாள். அக்கா தானே பார்த்து, போகாத வரியைப் பிரித்தாள்.

"எனக்காகப் பொய் சொல்லாத. இருட்டுல படுக்கப்போறது நீதான்," என்றாள்.

இரண்டு மூன்று நாளில் குரல் மாறிவிட்டது. போகல, பிரிங்க. இதுவும் போகல. துணிக்கடை முதலாளி கூட அக்காவை அப்படி விரட்டியதில்லை.

ஓடு முடிந்த சாயங்காலம் மறுபடியும் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். சுவரெங்கும் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். அத்தான் கை தட்டினார். நான் என் கம்பிக் கூட்டை நானே மெச்சிக்கொண்டேன். அந்தப் பெண் மட்டும் உம்மென்று நின்றாள்.

"கண்ணு தப்பு," என்றாள்.

எல்லோரும் திரும்பினோம்.

"நத்தைக்குக் கண்ணு கொம்பு நுனியில இருக்கும். மூஞ்சில இருக்காது. எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க எங்கிட்ட கேக்கவே இல்ல. எல்லாத்தையும் நீங்களே பண்ணிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

காலைத் தரையில் உதைத்தாள். அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். சுவரில் வெளிச்சம் ஆடியது.

அத்தான் கோபத்தோடு எழுந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"விடுங்க. எங்கிட்டதான கோவிச்சுக்கிட்டா," என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாயெல்லாம் சிரிப்பு.

பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தான் தைத்த பட்டனை அவள் வெட்டி எடுத்து நான் பார்த்ததே இல்லை. அது லேசில் வருவதாகவும் இல்லை. முதல் பட்டன் வந்து மேஜையில் விழுந்த சத்தத்துக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. பெண் வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, கொம்பின் நுனியை விரலால் தொட்டுக் காட்டினாள். அக்கா அந்த இடத்தில் ஊசியைக் குத்தினாள்.

அடுத்த நாள் ஒரு சட்டை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அக்கா பின்பக்க அறையில் பட்டன் தைத்துக்கொண்டே, பக்கத்து மிஷின்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்ததைச் சொல்கிறவளின் குரல் அது.

"நேத்து எம் பொண்ணு எங்கூட ஒரே சண்டை."